இரும்பைக் காக்கும் கருப்பு, துணியைத் தின்னும் கருப்பு: காசிமேட்டு ஜன்னல் துணிகள், ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து வீடுகளின் ஜன்னல் கிரில்களைக் காடாத் துணியில் அச்செடுத்து வருகிறேன். மை கிடையாது, பிரஷ் கிடையாது, அச்சு இயந்திரமும் கிடையாது. கிரில்லில் இருக்கும் துரு, துணியில் ஏற்றிய கடுக்காய், இரவு முழுக்க வீசும் உப்புக் காற்று, இவை சேர்ந்து போட்ட கோடுகள்தான் படம். வேலை எங்கே ஆரம்பித்தது, எங்கே திசை மாறியது, எதை வைத்துக்கொண்டேன், எதை ஒதுக்கினேன், இன்னும் தீராமல் நிற்பது என்ன என்பதை இங்கே எழுதுகிறேன். துணி, சாயம், இரும்பு என்று புழங்குகிற யாருக்காவது பயன்படும். வட சென்னையைப் படமாக்க வருகிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது.

ஊரே ஒரு அமிலத் தொட்டி

நான் கற்றது தகட்டில் அரித்து அச்செடுக்கும் கலை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, படித்தது அங்கே. உலோகத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கினால் கீறின இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுப்பது அச்சு. கோட்டைப் போடுவது கை, அதற்கு ஆழம் கொடுப்பது அமிலம். தகட்டைத் தொட்டியில் இருந்து எப்போது வெளியே எடுப்பது என்று தெரிவதில்தான் பாதித் தேர்ச்சி இருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு கடலோரத்தில் குடியிருந்தால் ஒரு கட்டத்தில் கண்ணில் படத்தான் செய்யும். இங்கே எல்லா இரும்பும் ஏற்கெனவே தொட்டிக்குள்தான் இருக்கிறது. கேட், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் டேங்கைத் தாங்கும் ஆங்கிள், கடை ஷட்டர் எதுவும் தப்புவதில்லை.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு ஏறிவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், கம்பியில் படிந்த உப்புத் துகள் காற்றில் இருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைய ஆரம்பிக்கும். மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் ஜன்னல் கம்பி பிசுபிசுப்பது இதனால்தான். கரையை விட்டு உள்ளே போகப் போகக் காற்றில் வரும் உப்பு வேகமாகக் குறையும். ஒரே இரும்புத் தகட்டை வெட்டி, ஒரு துண்டைக் காசிமேட்டில் ஒரு மொட்டைமாடியிலும் இன்னொன்றைப் பெரம்பூரில் ஒரு மொட்டைமாடியிலும் வைத்துப் பார்த்தேன். பெரம்பூர்த் துண்டு லேசாகப் பழுப்பேறி இருந்த சமயத்தில் காசிமேட்டுத் துண்டு விளிம்பெல்லாம் பொரித்த அப்பளம் போல உப்பி, தொட்டால் உதிர்ந்தது.

சங்கிலித் துணிகள்

முதலில் கை வைத்தது படகுச் சங்கிலியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பழுது பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, தேய்ந்ததைக் கழற்றிப் புதுசு போடுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். கழற்றியது காயலான் கடைக்கு வந்து சேரும். நான் வழக்கமாகப் போகும் கடையில் பாய் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "ஏம்மா, நல்ல இரும்பு இருக்க சொல்லோ பொரிஞ்சதாவே பொறுக்கற?" கேட்டுக்கொண்டே எடையும் போட்டுவிடுவார்.

நனைத்த துணியில் சங்கிலியைச் சுருட்டி, கட்டி, மாடியில் போட்டுவிடுவேன். பிரித்தால் ஆரஞ்சு, செங்காவி, நடுவில் கருஞ்சிவப்பு. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. இரண்டொருவர் அங்கேயே விலை கேட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. எந்தப் படகு, எந்த வலை, எத்தனை கை அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது என்பதற்கு அந்தத் துணியில் துளி தடயம் இல்லை. உலகத்தில் எந்தத் துறைமுகத்துச் சங்கிலியைச் சுற்றினாலும் இதே ஆரஞ்சு விழும். அழகான கறை, அவ்வளவுதான். அந்தத் துணிகளைப் பயிற்சி என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டேன்.

கறையின் அழகு பற்றிய சந்தேகம் எனக்கு முன்பே உண்டு. உதிர்ந்த சுவர், துருப்பிடித்த படகு, பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. வட சென்னை என்றால் இந்த மூன்றும் சேர்ந்த படம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எடுப்பவர்களுக்கு அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படங்களில் சிதைவு மட்டும்தான் இருக்கும். அதோடு தினமும் மல்லுக்கட்டுகிற மனுஷர்கள் இருக்க மாட்டார்கள்.

"அத்த சொரண்டியே கை தேஞ்சுது"

திசை மாறியது இந்தப் பேச்சில்தான். சங்கிலித் துணிகளைக் கொடியில் காயப்போட்டிருந்தேன். மாடிக்கு வந்த கீழ்வீட்டு அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு இது?" என்று கேட்டார். துருவை வைத்துப் படம் பண்ணுகிறேன் என்றேன்.

"துருவைப் போய் அழகுன்றியேம்மா. அத்த சொரண்டி சொரண்டியே எங்க கை தேஞ்சுது. பெயிண்ட் அடிச்சா ஒரு மழை தாங்குது. அடுத்த மழைக்கு மறுபடி பொரிஞ்சு வந்துடுது."

கோபமாகச் சொல்லவில்லை. நடப்பைச் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் அந்த வீட்டில் ஜன்னல் வேலை நடக்கும்போது கூட நின்றேன். கம்பி பிரஷால் தேய்த்து, பட்டைக் கத்தியால் செதிலைப் பெயர்த்து, உப்புத்தாள் போட்டு, துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, காய்ந்ததும் எனாமல். வெல்டிங் மூட்டுகளில் பிரஷ் நுழையாது. அங்கே ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால் நோண்டினார். துரு எப்போதும் அந்த மூட்டில்தான் திரும்ப ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். வெல்டருக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே நின்றபோதுதான் எடுக்க வேண்டிய பொருள் எது என்று எனக்குப் பிடிபட்டது. இந்த ஜன்னல்களில் இருப்பது அனாமத்து இரும்பு இல்லை. ஒரு வீட்டில் அரைவட்டச் சூரியன், ஒன்றில் நங்கூரம், ஒன்றில் சிலுவை, இன்னொன்றில் பிறை. வீட்டுக்காரர் இனிஷியலை வளைத்து வைத்த கிரில்கூட உண்டு. யாரோ காசு சேர்த்து, வெல்டரிடம் போய், இப்படி வேண்டும் என்று கேட்டுச் செய்த வடிவங்கள். கடல் தின்ன வருவதும் இவற்றைத்தான், ஆட்கள் வருஷா வருஷம் சுரண்டி மீட்பதும் இவற்றைத்தான்.

அச்செடுப்பதென்றால் அந்த மீட்பு வேலைக்கு என் துணி ஏதாவது கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு மட்டும் போகக் கூடாது. அதற்கு வழி கடுக்காயில் கிடைத்தது.

கடுக்காய்

கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு வரும் என்பது இந்தக் கடற்கரைக்குப் பழைய சங்கதி. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்த நீரால் கோடு இழுத்தால் கருப்பு பிடிக்கும். கலம்காரிக்காரர்கள் இன்றும் செய்வது இதைத்தான். சோழமண்டலக் கரையில் இருந்து கப்பல் கப்பலாகப் போன சித்திரத் துணிகளின் கருப்புக் கோடு இப்படி வந்தது. சிவப்பு வந்தது படிகாரத்திலும் கரையோர மணலில் விளையும் இம்பூரல் வேரிலும். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பிடித்ததே துணி வியாபாரத்துக்காகத்தான். கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு காலடிப்பேட்டை. இன்று அங்கே மெட்ரோ நிற்கிறது. நான் காடா வாங்குவது வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், கடுக்காய் வாங்குவது ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில். அந்தப் பழைய சரக்கு வழியிலேயே நடக்கிறேன் என்பது கொஞ்ச காலம் கழித்துத்தான் உறைத்தது.

எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம் வேறு. கடுக்காயில் இருக்கும் டானின் என்கிற துவர்ப்புச் சத்து, துருவோடு சேர்ந்து நீரில் கரையாத கருநீலப் படலம் ஆகிறது. இந்தப் படலம் இரும்பின் மேல் இருந்தால் அது காப்பு. பழைய இரும்புப் பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் டானிக் அமிலம் பூசுவதும், துருவை மாற்றும் பூச்சு என்று பெயிண்ட் கடையில் விற்கும் சிலவற்றில் அது சேர்ந்திருப்பதும் இதனால்தான்.

அதே கருப்பு துணியின் மேல் இருந்தால் கதை தலைகீழ். அதில் இருக்கும் அமிலமும் இரும்பும் பருத்தி நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். 18ஆம் நூற்றாண்டுச் சித்திரத் துணிகளில் சிவப்பு அப்படியே பளிச்சென்று இருக்க, கருப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்று ஓட்டையாகி இருப்பதைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையும் இதே ஜாதி. எழுத்து இருந்த இடத்தில் தாள் பொடிந்த சுவடிகள் அங்கே ஏராளம்.

ஆக ஒரே இரவில், ஒரே ஈரத்தில், ஒரே கருப்பு ஜன்னலுக்குக் கவசமாகவும் என் துணிக்கு நோயாகவும் இறங்குகிறது. இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

ஒரு ஜன்னல், ஒரு இரவு

வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டது இவ்வளவுதான். பெயிண்ட் அடிக்கப் போகிற வருஷத்தில் மட்டும் வருவேன். சுரண்டுவதில் கூட நிற்பேன். துணி கட்டி எடுத்த பிறகு ரெட் ஆக்சைடும் எனாமலும் என் செலவு. கலர் அவர்கள் இஷ்டம்.

காடாவில் தறியில் ஏற்றிய கஞ்சி இருக்கும். சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். கடுக்காய்த் தூளை ஊறவைத்து வடிகட்டி, எருமைப்பால் சேர்த்து, துணியை முக்கிப் பிழிந்து வெயிலில் போடுவேன். பாலில் இருக்கும் கொழுப்பு கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும். காய்ந்த துணி இளமஞ்சளாக இருக்கும், லேசாகப் பால் வாடை அடிக்கும். தெருப் பூனைகள் விடாது. ஆள் நிற்க வேண்டும்.

காசிமேட்டில் ஒரு கிரில்லைச் சொல்கிறேன். நடுவில் ஒரு மீன். உடம்பு ஒரே கம்பியை வளைத்தது, கண்ணுக்கு ஒரு வாஷரை வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். மீனுக்கு மேலே 'மு' என்று ஒரு எழுத்து, வீட்டு அம்மாவின் அப்பா இனிஷியல். செதிலை எல்லாம் பெயர்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, சாயந்திரம் ஈரத்துணியைத் தெருப் பக்கத்தில் இருந்து போர்த்திக் கட்டினோம். கம்பிக்குக் கம்பி நாடாவால் இறுக்க வேண்டும். துணி கம்பியோடு ஒட்டாத இடத்தில் கோடு விழாது. அந்த வீட்டுப் பையன் உள்ளே நின்று நாடாவை வாங்கி வாங்கிக் கொடுத்தான். மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒன்று, ஈரம் போகாமல் இருக்க.

காலையில் அவிழ்க்கும்போது கோடு சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. காற்றுப் படப் படத்தான் கருக்கும். கொடியில் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் ஒரு படி இறங்கியிருந்தது. கம்பி அழுந்திய நடுவில் கெட்டிக் கருப்பு, ஓரத்தில் ஊதா கலந்த சாம்பல், கடுக்காய் சரியாக ஏறாத ஒரு மூலையில் மட்டும் ஆரஞ்சு. மூட்டுகளில் கருப்பு பொட்டுப் பொட்டாகத் திரண்டிருந்தது. அக்கா ஸ்குரூ டிரைவரால் நோண்டும் அதே இடங்கள். சங்கிலித் துணியில் கிடைக்காதது இதில் கிடைத்தது. எந்த மூட்டில் துரு அதிகம், எந்தக் கம்பியை ஒழுங்காகச் சுரண்டியிருக்கிறார்கள், கை எட்டாத மேல்வரிசை எது, எல்லாமே துணியில் இருந்தது.

ஒரு சிக்கல். கம்பியில் பட்ட பக்கத்தில் 'மு' இடவலம் மாறி நின்றது. அச்சுக்கலைஞர்களுக்கு இது பழகிப்போன விஷயம்; கண்ணாடி வைத்துத் திருப்பிப் படித்துக்கொள்வோம். அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. "எங்க அப்பா எழுத்து திரும்பிக்கினு இருக்குதே" என்றார். துணியைத் திருப்பிப் பிடித்தேன். ஊறி வந்த பின்பக்கத்தில் எழுத்து சரியாக இருந்தது. கோடு மட்டும் மென்மை, கருப்பு ஒரு சுற்றுக் குறைவு. அன்றில் இருந்து இந்த வரிசையில் எல்லாத் துணியையும் பின்பக்கம் தெரியும்படிதான் தொங்கவிடுகிறேன். கம்பி பட்ட பக்கத்தின் பலம் அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தெருவில் நின்று அந்த ஜன்னலைப் பார்க்கிறவர் காண்பது எந்தப் பக்கமோ, அதுவே துணியிலும் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

கிரில்லும் கருத்திருந்தது. காயவிட்டு, ரெட் ஆக்சைடு போட்டு, அவர்கள் கேட்ட மயில்நீலத்தில் எனாமல் அடித்துக் கொடுத்தோம்.

நிறுத்துவது

தொட்டியில் இருந்து எப்போது எடுப்பது என்ற பழைய கேள்வி இங்கேயும் வருகிறது. கருப்பு போதும் என்றானதும் துணியை ஓடும் தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி அமிலத்தை ஆற்ற வேண்டும். சோடா கூடிப்போனால் கருப்பு பழுப்பாகிவிடும். இதற்கு அளவு கை பழகித்தான் வரும். நான் எப்போதும் ஒரு ஓரத் துண்டை முதலில் முக்கிப் பார்த்துவிடுகிறேன்.

இவ்வளவு செய்தாலும் அரிப்பை முழுசாக நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். மடித்து வைத்துச் சோதித்த துண்டுகளில், மழைக்காலம் ஒன்று போனதும் மடிப்பும் கருப்பும் சந்தித்த இடத்தில் நூல் விட்டுப்போயிருந்தது. அதனால் எதையும் மடிப்பதில்லை; சுருட்டித்தான் வைக்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்து, மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிடுகிறேன். எப்படிச் செய்தது, எந்தப் பகுதி முதலில் போகும், எப்படி வைத்தால் அதிக நாள் தாங்கும் என்பதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றோடும் வைத்திருக்கிறேன். வாங்குகிறவருக்கு இது தெரியாமல் கொடுப்பது சரியில்லை.

தானாக அழியட்டும், அதுவே கலை என்று சொன்ன நண்பர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வருஷா வருஷம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறவர்களின் ஜன்னலை அச்செடுத்துவிட்டு, துணியை மட்டும் அழிய விட்டு அதற்கு ஒரு தத்துவம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் இரும்புக்குச் செய்கிற பராமரிப்பை நான் துணிக்குச் செய்தாக வேண்டும்.

கொடியில்

வெள்ளைச் சுவரில் தொங்கவிடும் முன்னால் அந்தந்தத் தெருவிலேயே கொடி கட்டித் துணிகளைக் காட்டினேன். முதலில் வந்தவை பிள்ளைகள். எது யார் வீட்டு ஜன்னல் என்று கண்டுபிடிக்கும் போட்டியாகவே ஆகிவிட்டது. சூரியன் கிரில் அந்தத் தெருவில் நாலைந்து வீட்டில் இருக்கிறது. ஒரு கதிர் வளைந்திருப்பதை வைத்து ஒரு சிறுமி சரியாகச் சொன்னாள். ஒரு வெல்டர் வெகுநேரம் நின்று மூட்டுகளை மட்டும் பார்த்தார். "இங்க கேப் விட்டுட்டாங்க, தண்ணி தேங்கும்" என்று துணியைக் காட்டியே சொன்னார். என் வேலையைப் பற்றி இதைவிட நுட்பமான விமர்சனம் நான் கேட்டதில்லை. கீழ்வீட்டு அக்கா தன் ஜன்னல் துணியைப் பார்த்துவிட்டு, "சரி, இதுல நாங்க பட்ட பாடு தெரியுது" என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் பெயிண்ட் அடித்த கிரில்களைப் போய்ப் பார்த்தேன். நேர்க்கம்பிகள் நன்றாகவே தாங்கியிருந்தன. மூட்டுகளில் சில இடத்தில் எனாமலுக்கு அடியில் துரு மறுபடி தலை காட்டியது. மூட்டின் இடுக்கில் உப்பு தங்கியிருந்தால் கடுக்காய்க் கருப்பும் மேலே அடித்த பெயிண்டும் சேர்ந்தாலும் தடுக்க முடியாது. கட்டுவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் இன்னும் பல முறை கழுவி, இடுக்கெல்லாம் நோண்டி எடுத்தால்தான் உண்டு.

அப்படிக் கழுவினால் துரு குறையும், துணியில் கோடும் மெலியும். கிரில்லுக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு என் அச்சுக்கு நஷ்டம். இதற்கு நடுவழி எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. கிரில் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு எடுத்த துணிகளில் கருப்பு குறைவு. சில கம்பிகள் சாம்பல் நிழலாகத்தான் விழுந்திருக்கின்றன, நன்றாகச் சுத்தம் செய்த மூட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முதலில் பார்க்கும்போது ஏமாற்றமாக இருந்தது. இப்போது அந்த வெற்றிடங்களைத்தான் அதிக நேரம் பார்க்கிறேன். யாரோ உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரால் நோண்டிய இடங்கள் அவை.

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு ஜன்னல் பாக்கி இருக்கிறது, மூன்று அடுக்கு நங்கூரம் வைத்தது. அக்டோபரில் மழை பிடித்துக்கொள்வதற்குள் கழுவி, கட்டி, எடுத்து, பெயிண்டும் அடித்து முடிக்க வேண்டும். பச்சை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.